களப்பங்கரையில் ஒரு ஸ்கோப்: கையில் உள்ள காசுக்கு எதை வாங்கலாம்?

மாசி மாதத்துக் காலை. திருகோணமலை மாவட்டத்துக் கட்டைப்பறிச்சான் பாலத்தடியில் நின்று களப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் வற்றிய சேற்றுத் திட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பறவைகள். வெறுங்கண்ணுக்கு அவை அசையும் புள்ளிகள்தான். எது உள்ளான், எது ஆள்காட்டி என்று பிரிக்க முடியவில்லை. சம்பூரிலிருந்து சைக்கிளில் வந்திருந்த மாணவன் ஒருவன் பையைத் திறந்து, ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கறுப்புக் குழாய் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"சேர், இது 40 மடங்கு. ஒன்லைன்ல எடுத்தது. அப்பா கடல்ல போன காசு."

குழாயின் உடம்பில் வெள்ளை எழுத்தில் 40×60 என்று அச்சடித்திருந்தது. வாங்கிப் பார்த்தேன். என் கழுத்தில் தொங்கிய 8 மடங்குப் பைனாகுலரில் தெரிந்ததைவிடப் பறவைகள் சற்றே பெரிதாகத் தெரிந்தன. ஓரங்கள் மங்கல். 40 மடங்கு என்றால் அந்தப் பறவையின் கண்ணே தெரிய வேண்டும்.

அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபோது எழுந்த எண்ணம்தான் இந்தக் கட்டுரை. பணம் அதிகம் உள்ளவர் பிழையான கருவியை வாங்கினால் இன்னொன்று வாங்குவார். 2006இல் போரால் ஊரோடு இடம்பெயர்ந்து, 2015 முதல் வெறுங்காணிக்குத் திரும்பி, வீட்டையும் வள்ளத்தையும் ஒவ்வொன்றாகச் சேர்த்த ஊர் சம்பூர். இங்கே ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒரேயொரு வாய்ப்பு. அது வீணாகக் கூடாது.

அடிமட்டத்தால் ஒரு சோதனை

அவனுடைய கொம்பாஸ் பெட்டியிலிருந்த அடிமட்டத்தை வாங்கி, குழாயின் முன்வில்லையின் விட்டத்தை அளந்தோம். அச்சடித்த இரண்டாவது எண்ணின்படி 60 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடத்தில் 40தான் இருந்தது. பிறகு குழாயை வெளிச்சமான வானத்துக்கு நேரே பிடித்து, கண் வைக்கும் பக்கத்தைக் கையெட்டும் தூரத்திலிருந்து பார்த்தோம். கண்வில்லையின் நடுவில் சிறிய ஒளிவட்டம் ஒன்று மிதந்தது. அதன்மேல் அடிமட்டத்தை வைத்தோம். 4 மில்லிமீற்றர்.

முன்வில்லையின் விட்டத்தை அந்த ஒளிவட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் உண்மையான உருப்பெருக்கம் கிடைக்கும். 40ஐ 4ஆல் வகுத்தால் 10. அச்சடித்தது 40 மடங்கு, கையில் இருந்தது 10 மடங்கு.

இந்தக் கணக்கு எந்தப் பைனாகுலருக்கும் எந்த ஸ்கோப்புக்கும் பொருந்தும். பொருள் கைக்கு வந்த முதல் நிமிடத்திலேயே செய்து பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணும் நீங்கள் அளந்ததும் வெகுதூரம் விலகியிருந்தால், திருப்பிக் கொடுக்கும் தவணை முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வேட்டைக்காரரின் கருவி

ஸ்பொட்டிங் ஸ்கோப் என்பது முக்காலியில் பூட்டி, ஒற்றைக் கண்ணால், வெகு தூரத்தில் இருப்பதைப் பார்க்கும் சிறிய தொலைநோக்கி. அமெரிக்க மலைநாட்டு வேட்டைக்காரர்கள் எதிர் மலையில் நிற்கும் மானின் கொம்பை எண்ண இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் விளம்பரங்களில் பெரும்பாலும் வேட்டைப் படமே இருக்கும்.

நம் நாடான இலங்கையில் அந்த வழி அடைபட்டது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் காட்டு விலங்குகளிலும் பறவைகளிலும் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காவல் போட்டிருக்கின்றன. அதற்கு முன்பே, சுட்டுச் சுட்டு விலங்கு அருகிவிட்டதைக் கண்ட வேட்டைக்காரர்களே 1894இல் கூடி ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். இன்றைய வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதிலிருந்து வந்ததுதான். நமது மூதூர் கிழக்கிலும் காட்டை நம்பி வாழ்ந்த வேடர் பரம்பரையினர் இருக்கிறார்கள். காலடித் தடம் பார்த்து விலங்கின் போக்கைச் சொல்லும் கண் அவர்களுடையது. கருவி மாறினாலும் அந்தப் பொறுமையும் கூர்மையும்தான் பறவை பார்ப்பவருக்கும் வேண்டும்.

சம்பூர்ப் பக்கத்தில் ஸ்கோப்புக்கு வேலை நிறைய உண்டு. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான்களும் வாத்துகளும் களப்புகளில் இறங்கும். கொட்டியாரக் குடாவில் ஆலாக்கள் கூட்டமாக மீன் பிடிக்கும். பங்குனிக்கும் ஆவணிக்கும் இடையில் திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலம் வரும். கோணேசர் மலையில் நின்று பார்ப்பவருக்கு அது ஊதும் நீர்ப்புகை அதிர்ஷ்டம் இருந்தால் தெரியும்.

முதலில் பைனாகுலர்

ஸ்கோப்பைப் பற்றிச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். கையில் பைனாகுலர் இல்லாதவர் முதலில் வாங்க வேண்டியது 8×42 பைனாகுலர். பறக்கும் பறவையை ஸ்கோப்பால் பிடிக்க முடியாது. மரத்தில் தாவும் குருவியை அது தேடி முடிப்பதற்குள் குருவி போய்விடும். வள்ளத்தில் ஏறிவிட்டால் ஸ்கோப் வெறும் பாரம். அலையில் ஆடும் பலகையில் 20 மடங்கு ஆட்டமும் சேர்ந்து தெரியும். கடலில் 7 அல்லது 8 மடங்குக்கு மேல் போகாதிருப்பதே நல்லது.

வயற்காவலுக்கும் பைனாகுலரே. மாலை கருகும் நேரத்தில் காட்டோரம் யானை நிற்கிறதா என்று காவற்பரணிலிருந்து பார்ப்பவருக்கு வேண்டியது வெளிச்சமான படம். அதற்கான காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

இரண்டு எண்கள்

20–60×60 என்று எழுதியிருந்தால், 20 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை கூட்டிக் குறைக்கலாம், முன்வில்லையின் விட்டம் 60 மில்லிமீற்றர் என்று அர்த்தம்.

மடங்கை இப்படி விளங்கிக்கொள்ளுங்கள். 400 மீற்றருக்கு அப்பால் நிற்கும் உள்ளானை 8 மடங்கில் பார்த்தால், 50 மீற்றரில் வெறுங்கண்ணால் பார்ப்பது போலிருக்கும். 20 மடங்கில் அது 20 மீற்றருக்கு வந்துவிடும். காலின் நிறமும் அலகின் வளைவும் தெரிய இது போதும். இரண்டு உள்ளான் வகைகளைப் பிரிக்க இந்த இரண்டும்தான் பெரும்பாலும் தேவை.

அப்படியானால் 60 மடங்கு இன்னும் நல்லதல்லவா? இங்கேதான் அடிமட்டத்தில் அளந்த அந்த ஒளிவட்டம் திரும்ப வருகிறது. 60 மில்லிமீற்றர் ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்தால் வட்டம் 3 மில்லிமீற்றர். 60 மடங்கில் வைத்தால் 1 மில்லிமீற்றர். பட்டப்பகலில் நம் கண்மணி 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை திறந்திருக்கும். 3 மில்லிமீற்றர் வட்டம் அதை நிரப்பும். 1 மில்லிமீற்றர் வட்டம் நிரப்பாது. அதே ஸ்கோப்பில் 20இலிருந்து 60க்குத் திருப்பினால் படத்தின் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்கு வரை இறங்கிவிடும். பார்க்கும் பரப்பும் சுருங்கும். முக்காலியின் சிறு அதிர்வும் பெரிதாகத் தெரியும்.

மாலையில் கண்மணி 5 மில்லிமீற்றருக்கு மேலும் விரியும். 8×42 பைனாகுலரின் வட்டம் 5 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். 20 மடங்கில் வைத்த 50 மில்லிமீற்றர் ஸ்கோப்பின் வட்டம் 2.5. காவற்பரணில் இருப்பவருக்குப் பைனாகுலரைச் சொன்ன காரணம் இதுதான்.

ஆகவே பட்ஜெட் ஸ்கோப் வாங்குபவர் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 30 மடங்கு வரை படம் தெளிவாக இருந்தால் அது நல்ல ஸ்கோப். 60 மடங்கில் மங்கினால் அந்த மங்கல் மலிவான கருவிகள் எல்லாவற்றுக்கும் பொது.

கண்ணாடிக்குள் காணாமற்போகும் ஒளி

இரண்டு ஸ்கோப்புகளில் எண்கள் ஒன்றாக இருக்கும், விலை மூன்று மடங்கு வேறுபடும். வித்தியாசம் உள்ளே இருக்கிறது.

பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பிலும் ஏறக்குறைய 4 வீத ஒளி தெறித்துத் திரும்பிவிடும். ஒரு ஸ்கோப்புக்குள் வில்லைகளும் அரியங்களுமாகப் பத்து மேற்பரப்புகள் இருப்பது சாதாரணம். பத்தையும் கடந்து வரும்போது மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். தெறித்த ஒளி உள்ளேயே அலைந்து படத்தின்மேல் வெண்புகார் போலப் படியும். நல்ல பூச்சு உள்ள மேற்பரப்பில் இழப்பு அரை வீதத்துக்கும் குறைவு. எனவே விவரத்தாளில் எல்லா மேற்பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு என்ற பொருளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே பூச்சு உண்டு என்று மட்டும் இருந்தால், ஒன்றிரண்டு மேற்பரப்புகளில் மட்டும் தடவியிருக்கவும் கூடும்.

அரியம் பாக்4 கண்ணாடியாக இருந்தால் நல்லது. பிகே7 மலிவானது. அதில் படத்தின் ஓரம் சற்று இருளும். ஈடி கண்ணாடி என்பது நிறங்கள் பிரிந்து சிதறுவதைக் குறைக்கும் விசேஷ கண்ணாடி. அது இல்லாத ஸ்கோப்பில், வெயிலில் நிற்கும் வெள்ளைக் கொக்கின் விளிம்பில் ஊதா நிறக் கோடு தெரியும். பறவையை அடையாளம் காண அது தடையாகாது. காசு போதாவிட்டால் முதலில் விட்டுக்கொடுக்கக்கூடியது ஈடிதான். பூச்சை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

முன்வில்லை பெரிதானால் ஒளி கூடும். 80 மில்லிமீற்றர் வில்லை 60ஐவிட ஏறக்குறைய 1.8 மடங்கு ஒளியை வாங்கும். விலையும் பாரமும் அதோடு ஏறும். சைக்கிளில் கொண்டு போகிறவருக்கு 60 அல்லது 65 மில்லிமீற்றர் சரியான அளவு. மலிவான 80ஐவிட நேர்மையாகச் செய்த 65 நல்ல படம் தரும்.

முக்காலிக்கும் காசு ஒதுக்குங்கள்

ஸ்கோப்பை வாங்கிவிட்டு மிஞ்சிய காசில் முக்காலி வாங்குவது பலர் செய்யும் பிழை. பெட்டிக்குள் சேர்த்துத் தரும் ஒரு சாண் முக்காலி மேசைமேல் வைக்க மட்டுமே உதவும். எங்கள் கரையில் காற்று ஓய்வதில்லை. மாரியில் வாடை, கோடையில் கச்சான். மெல்லிய கால்கள் கச்சானில் தந்திபோல் அதிரும். 20 மடங்கில் அந்த அதிர்வில் பறவை ஒன்றுக்கு மூன்றாகத் தெரியும்.

மொத்தக் காசில் நாலில் ஒரு பங்கையாவது முக்காலிக்கு ஒதுக்குங்கள். பழைய வீடியோ கமரா முக்காலி கிடைத்தால் விடாதீர்கள். கல்யாண வீடுகளில் படம் பிடித்து ஓய்ந்தவர்களிடம் அது தூசி பிடித்துக் கிடக்கும். பாரமானது, அதனால்தான் நல்லது. கால்களை முழு உயரத்துக்கு இழுக்காமல், நிலத்தில் அல்லது கதிரையில் இருந்து பாருங்கள். நடுத்தண்டில் மணல் நிரப்பிய பையைத் தொங்கவிடுங்கள்.

முக்காலிக்கே காசில்லையென்றால் உமி நிரப்பிய சிறு சாக்குப்பை போதும். வேலிக்கட்டை, வள்ளத்தின் விளிம்பு, பாலத்தின் சுவர் எதன்மேலும் அதை வைத்து ஸ்கோப்பை அழுத்திப் பதித்தால் அசையாது. வள்ளம் கரையில் இழுத்து வைத்ததாக இருக்க வேண்டும்.

நேர்க்குழாயா, சாய்குழாயா?

சில ஸ்கோப்புகளில் கண் வைக்கும் பகுதி நேராக இருக்கும். சிலவற்றில் 45 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். பள்ளிக்கூடத்துக்கோ ஒரு குழுவுக்கோ வாங்குவதென்றால் சாய்குழாயை எடுங்கள். முக்காலியைத் தாழ்வாக வைக்கலாம், ஆடுவது குறையும். குட்டைப் பிள்ளையும் நெட்டை ஆசிரியரும் உயரத்தை மாற்றாமல் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்க்கலாம். வாகனத்திலிருந்தோ பரணிலிருந்தோ கீழே பார்ப்பவருக்கு நேர்க்குழாய் வசதி. பறவையைத் தேடிப் பிடிப்பதும் அதில் சுலபம்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள், கண்வில்லைக்கும் கண்ணுக்கும் இடையில் 15 மில்லிமீற்றராவது விலகி நின்று முழுப் படத்தையும் பார்க்க முடிகிறதா என்று சோதியுங்கள்.

எவ்வளவு காசுக்கு எது?

டொலர் 300 ரூபா என்று வைத்துக் கணக்குப் போடுவோம். அனுப்பும் செலவும் வரியும் இதற்கு மேல் வரும்.

100 டொலருக்குள், அதாவது 30,000 ரூபாவுக்குள், கிடைப்பது எஸ்விபொனி எஸ்வி28 போன்ற 50 முதல் 70 மில்லிமீற்றர் வரையான ஸ்கோப்புகள். 15 முதல் 25 மடங்கில் படம் நன்றாக இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். முதல் ஸ்கோப்புக்கு இது போதும்.

150 முதல் 300 டொலர் வரை செலவழிக்க முடிந்தால் செலஸ்ட்ரொன் அல்ட்டிமா 65 போன்றவையும், சில ஈடி கண்ணாடி ஸ்கோப்புகளும் எட்டும். 30 முதல் 40 மடங்கு வரை தைரியமாகப் பயன்படுத்தலாம். பள்ளிக்கூடமோ விளையாட்டுக் கழகமோ கூட்டுச் சேர்ந்து வாங்கினால் இந்த மட்டத்தில் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வைத்தால் அனுப்பும் செலவும் மிஞ்சும்.

ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்கும் ஐரோப்பிய, ஜப்பானிய ஸ்கோப்புகள் நிச்சயமாகச் சிறந்தவை. ஆனால் 400 மீற்றரில் நிற்கும் பறவையின் பெயரைச் சொல்ல அவை கட்டாயமில்லை.

பாவித்த பொருள் வாங்குவதும் நல்ல வழி. முன்வில்லை வழியாக ஃபோன் டோர்ச்சை அடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். சிலந்திவலை போன்ற மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம், விட்டுவிடுங்கள். குவியச் சில்லைச் சுழற்றும்போது மணல் கரகரத்தாலும் வேண்டாம். வில்லையின் மேல் ஒன்றிரண்டு மெல்லிய கீறல் இருந்தால் பரவாயில்லை, படத்தில் அது தெரியாது.

உப்பும் பூஞ்சணமும்

எங்கள் ஊரில் கண்ணாடிக் கருவிக்கு எமன் ஈரம். மாரியில் இரண்டு மாதம் பெட்டிக்குள் மூடி வைத்தால் வில்லைக்குள் பூஞ்சணம் வேர்விடும். நீர் புகாதபடி அடைத்து, உள்ளே நைதரசன் வாயு நிரப்பிய ஸ்கோப்பாகப் பார்த்து வாங்குங்கள். மலிவு விலையிலும் இது கிடைக்கிறது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு வையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை ஸ்கோப்பை எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள்.

கடற்கரையிலிருந்து வந்ததும் வில்லையைச் சாரத்தின் நுனியால் துடைக்காதீர்கள். அதில் ஒட்டிய மணலும் உப்பும் பூச்சை அராவிவிடும். முதலில் ஊதும் ரப்பர் பந்தால் தூசியைப் போக்கி, பிறகு மென்தூரிகையால் தட்டி, கடைசியில்தான் கண்ணாடித் துணியால் மெல்லத் துடைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: எந்தத் தொலைநோக்கியாலும் சூரியனைப் பார்க்கக் கூடாது. ஒரு கணத்தில் கண் நிரந்தரமாகப் பழுதாகிவிடும். பிள்ளைகளிடம் ஸ்கோப்பைக் கொடுக்கும் முன் இதைச் சொல்லுங்கள், ஒவ்வொரு முறையும்.

எங்கே, எப்போது?

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். சம்பூர்க் கரையிலிருந்து கொட்டியாரக் குடாவைப் பார்ப்பவருக்குக் காலை நல்லது. இலங்கைத்துறை முகத்துவாரத்தில் நின்று கிழக்கே பெருங்கடலைப் பார்ப்பவருக்கு மாலை நல்லது. வெயில் ஏறி மணல் சுட்டால் கானல் கிளம்பும். பிறகு எந்த விலை ஸ்கோப்பிலும் பறவை தண்ணீருக்கடியில் நிற்பது போல நெளியும். குறை கருவியில் இல்லை. மடங்கைக் குறையுங்கள், அல்லது வீட்டுக்குப் போய்ப் பின்னேரம் வாருங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். போர்க்காலத்தில் தொலைநோக்கியும் கையுமாக நிற்பதே ஆபத்தாக இருந்த கரை இது. இன்றும் கடற்படைத் தளங்களை நோக்கிக் கருவியைத் திருப்ப வேண்டாம். யாராவது கேட்டால் ஸ்கோப்பை அவர் பக்கம் நகர்த்தி, பறவையை நீங்களும் பாருங்கள் என்று சொல்லுங்கள். பார்த்தவர் அடுத்த முறை கேள்வி கேட்பதில்லை.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் நடந்து வருகிறது. ஒவ்வொரு தை மாதமும் பல நாடுகளில் குளம் குளமாக, களப்பு களப்பாகப் பறவைகளை எண்ணுகிறார்கள். சம்பூரைச் சுற்றி முதலில் அனல் மின்நிலையம் என்றார்கள், அது 2016இல் கைவிடப்பட்டது. 2025இல் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இன்னும் பல திட்டங்கள் வரும். இந்தக் களப்பில் எந்த மாதம் எத்தனை பறவை நின்றது என்ற கணக்கு ஊர்ப் பிள்ளைகளின் கொப்பியில் இருந்தால், பேச்சு வரும் நாளில் நாம் வெறுங்கையோடு நிற்க மாட்டோம்.

அந்த மாணவனின் 10 மடங்குக் குழாயை நாங்கள் எறிந்துவிடவில்லை. உமிப் பையைப் பாலச் சுவரில் வைத்து, அதன்மேல் குழாயைப் பதித்தோம். கை ஆட்டம் நின்றதும் படம் கொஞ்சம் தெளிந்தது. அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்கினான். நெடுங்கால் உள்ளான்கள் 34. அவற்றின் சிவந்த கால்கள் தெரிகின்றன என்றான். கொப்பியில் திகதியைப் போட்டு அந்த எண்ணை எழுதினான். பக்கத்தில் கருவியின் பெயரையும் எழுதினான். 40 என்று அச்சடித்திருந்ததை விட்டுவிட்டு, 10 மடங்கு என்று.